ஆம்பிளை டாக்டர் வரட்டும்

வல்லக்கோட்டை முருகன் துணை

ஸ்ரீபெரும்புதூர்
14.3.2004

அன்புத் தங்கை டாக்டர் செல்வலட்சுமிக்கு அண்ணன் பேச்சிராஜ் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் அம்மாவும் நலமா?

கையெழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். என் அறையில் தங்கியிருக்கும் வனமாமலை, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். பதறாமல் முழுசாகப் படி. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

ஜனவரியில் கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் என் வலது ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தேன். லைனில் பலரும் செய்கிற கோட்டித்தனம்தான். விரலை வனமாமலைதான் டிபன் டப்பாவில் எடுத்துவந்தான்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வந்து கையைப் பார்த்தார்கள். அந்த வலியிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஆம்பிளை டாக்டர் வரட்டும் என்றேன். அவர்கள் கோபப்படவே இல்லை. “வருவாருப்பா, நான் சொல்லிக் குடுத்தவர்தான். அதுவரைக்கும் விரல் தாங்குமா?” என்றார்கள். டாக்டர் ரஞ்சனி. அந்தப் பிரிவுக்கே அவர்கள்தான் தலைவராம்.

கை மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஏழு மணி நேரம் முழித்தே கிடந்தேன். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைத்து விரலை ஒட்டவைத்தார்களாம். சுற்றி நின்ற ஆண் டாக்டர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முடிந்ததும் திரையை விலக்கிக் காட்டினார்கள். வெளுத்துக் கிடந்த விரல் மெல்லச் சிவந்தது பார், அடேயப்பா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது செல்வி! கும்பிட ஒரு கைதான் இருந்தது.

அந்த டாக்டரம்மாவையும் அவர்கள் வீட்டார் பிரசவம் பார்க்கிற படிப்புக்குத்தான் போகச் சொன்னார்களாம். வேலைக்குச் சேர்ந்தும் ஆறு வருஷம் கட்டுப் போட மட்டும்தான் விட்டார்களாம். நர்ஸம்மா சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆப்பரேஷன் படிப்பு பொம்பளைக்கு ஒத்துவராது என்று தீபாவளிக்கு உன்னிடம் சத்தியம் வாங்கியவன் நான்தானே. நீயும் தலையாட்டினாய்.

அந்தச் சத்தியத்தை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் மேல்படிப்புக் கவுன்சிலிங்கில் உன் மனசில் இருக்கிற படிப்பையே கேட்டு வாங்கு. மாமா ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

வனமாமலையிடம் பேனாவை வாங்கிவிட்டேன். இனி வருவது என் விரல். கோணலைப் பார்க்காதே.

உன் கை நல்லா இருக்கணும் தாயீ.

பேச்சிராஜ்