ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு படகுத்துறை

மார்ச் 4
இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது நாள். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, விடிகாலையிலேயே கிளம்பிவிடுகிறாள். எனக்கு வேலை பார்க்கும் அனுமதி கிடைக்க இன்னும் ஐந்து மாதம். பதினாறு வருஷம் பஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டவன், பாத்திரம் கழுவிவிட்டு ஜன்னலோரம் நிற்கிறேன். கீழே ஓடுகிற பஸ்ஸெல்லாம் மின்சாரம். சத்தமே இல்லை.

மார்ச் 5
அவள் அண்ணன் போன் செய்தார். “என்ன மாப்ளே, தங்கச்சி சம்பாதிக்குது, நீங்க ஜாலியா ஊர் சுத்துறீங்களாக்கும்?”
சிரித்துவைத்தேன். எங்கே சுற்றினேன்? ரொட்டிக்கடையைத் தாண்டியதில்லை. பழிதான் வந்துவிட்டதே, சுற்றிவிடலாம்.

மார்ச் 6
வழி தவறி ஒரே மருந்துக்கடை முன்னால் மூன்று தரம் வந்து நின்றேன். மூன்றாம் தரம் கடைக்காரம்மா கையசைத்தாள். நானும் அசைத்தேன். இந்த ஊரில் எனக்கும் ஒருத்தரைத் தெரியும்.

மார்ச் 11
சண்டை. இரண்டு பஸ் மாறி, பாலத்து நெரிசலில் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் வந்திருக்கிறாள். அது புரியாமல், அன்றைக்குப் பார்த்த பூங்காவைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.
“நீங்க பாருங்க. நான் இந்த ஊர்ல பார்த்தது வார்டும் பஸ் கம்பியும்தான். முடியலைங்க. பேசாம திரும்பிப் போயிடலாமா?”
போலாம்னு சொல்லியிருந்தா அப்பவே பெட்டியை எடுத்திருப்பா. எனக்கு வாய் வரல. ஏன் வரல?

மார்ச் 12
சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு மட்டும் சோற்றில் கூடுதலாக நெய் விட்டிருந்தாள்.

மார்ச் 14
ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம், சலவை வண்டிகள் நிற்கிற சந்தில் இறங்கினால் – ஆறு! படகுத்துறை! ஏறி உட்கார்ந்தேன். டீசல் எஞ்சின் லேசாக இருமியது, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சைகையில் கேட்டேன், படகோட்டி மூடியைத் திறந்தே காட்டிவிட்டார். அக்கரையில் இறங்கி நடந்தால் எங்கள் தெரு பதினொரு நிமிஷம். நம்ப முடியாமல் மூன்று தரம் போய்வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு மொத்தமே முப்பத்தைந்து நிமிஷம். இத்தனை பேர் வேலை செய்கிற இடம், ஒருத்தரும் இவளிடம் சொல்லவில்லையா?

மார்ச் 15
வேலை முடிகிற நேரத்தில் பின்வாசலில் நின்றேன்.
“என்னங்க, என்னாச்சு?” பதறிவிட்டாள்.
“ஒண்ணுமில்ல, வா.”
உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் தூங்கிவிட்டாள். கரை வந்தது. எழுப்ப மனமில்லை. படகோட்டி பார்த்துவிட்டு, இருங்கள் என்று கையமர்த்தினார். இன்னொரு நடை போய்வந்தோம்.
விழித்ததும் மணி பார்த்தாள். “இதுதான் உங்க குறுக்கு வழியா?”
எத்தனை நாளாச்சு அவ சிரிச்சு.

ஏப்ரல் 6
அவளுக்கு விடுமுறை. தூங்கட்டும் என்று அடிமேல் அடி வைத்து நடந்தால், அம்மணி குளித்துத் தலைசீவி வாசலில் நிற்கிறாள். கையில் இரண்டு பேருக்குக் கட்டின சாப்பாடு.
“சீக்கிரம் கிளம்புங்க. நேத்து படகுல வரும்போது கரையில ஒரு படிக்கட்டு பார்த்தேன். மேல எங்கேயோ போகுது.”
“எங்க போகுது?”
“உங்களுக்கும் தெரியாதா? ரொம்ப நல்லதாப் போச்சு.”