ஜன்னல் பக்கத்துக் கை

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நானும் அம்மாவும் சுகம், என் வலது கையைத் தவிர. போன்ல சொன்னா பாதியிலேயே அழ ஆரம்பிச்சிடுவே, அதான் எழுதுறேன்.

அம்மா தோள்பட்டை வலிக்கு நீ அனுப்பின களிம்பை தினமும் காலையில டூட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நான்தான் தேய்ச்சு விடுவேன், அவளுக்குக் கை எட்டாதே. உள்ளங்கையில ஒட்டின மிச்சத்தை வீணாக்க மனசு வராம என் ரெண்டு முழங்கையிலயும் பூசிக்குவேன், என் கஞ்சத்தனம் உனக்குத் தெரியாததா. மூணாவது வாரம் வலது கை மட்டும் சிவந்து தடிச்சு கொப்புளம் கொப்புளமா வந்து, அரிப்பு உயிரை வாங்கிடுச்சு. ஒட்டுவியாதியா இருந்தா பஸ்ஸை எடுக்காதேன்னு டிப்போ மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நானும் அப்படித்தான் நினைச்சேன். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியா வச்சுக்கிட்டு முன் ரூம்லயே படுத்துக்கிட்டேன். பத்து நாள் அம்மாவைத் தொடலை. அவ ஒரு கையாலயே தலை வாரிக்கிட்டா. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

நேத்துதான் தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ஓட்டும்போது எந்தக் கை ஜன்னல் பக்கம்னு கேட்டாங்க. வலதுன்னேன், சட்டையை வேற மடிச்சு விட்டுக்குவேன். அந்தக் களிம்பு பூசின இடத்துல வெயில் பட்டா சில பேருக்கு இப்படி ஆகுமாம், கண்ணாடி வழியா வந்தாலும் விடாதாம். யாருக்கும் தொத்தாதாம். இடது கை நிழல்ல இருந்ததால தப்பிச்சுது, அம்மா தோள் துணிக்குள்ள இருந்ததால தப்பிச்சுது. டியூபோட வந்த சீட்டுல போட்டிருக்குமேன்னாங்க. அது உங்க ஊர் பாஷை, புரியலைன்னு அன்னிக்கே மடிச்சு ஆடுற மேஜைக் காலுக்கு அடியில வச்சிட்டேன்.

களிம்பை நிறுத்தியாச்சு. அம்மாவுக்குத் தேய்ச்சா மறுபடி என் கையில ஒட்டும்னு அவளுக்கும் நிறுத்தியாச்சு. நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வெயில் படக் கூடாதாம், அதனால முழுக்கைச் சட்டையோட திங்கள்கிழமை பஸ் ஏறுறேன். நீ உன்னை நொந்துக்காதே, கேக்காம பூசினவன் நான். மாப்பிள்ளையும் அதையே முட்டியில பூசிட்டு அரை டிராயரோட பந்தாடப் போறாருன்னா, சீட்டை எடுத்து அவருக்குப் படிச்சுக் காட்டு, மறந்துடாதே.

ஒண்ணு விட்டுப்போச்சு. இனிமே தேய்ச்சு விடக் களிம்பு இல்லைன்னு நேத்து அம்மாகிட்ட சொன்னேன். அவ, களிம்பு இல்லாட்டி என்ன, கை இருக்கில்லன்னு சொல்லி முதுகைக் காட்டி உக்காந்துட்டா.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நல்லா இருங்க.

இப்படிக்கு,
உன் அப்பா