உச்சி வெயிலில் சீவிய மரம்

ஈப்போ,
மார்ச் 4

அன்புள்ள அப்பாவு அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அதை அடித்துவிட்டு மேலே படிக்கவும்.

நான் அனுப்பிய கவிதை நேற்று உங்களிடமிருந்து திரும்பி வந்தது. உறையைப் பிரித்ததும் சிவப்பு மையைத் தேடினேன். முப்பது வருடமாக அதைத்தான் முதலில் தேடுகிறேன். ஒரு கீறல்கூட இல்லை. அடியில் நீல மையில், ‘மிக அருமை டீச்சர். ஒவ்வொரு வரியும் முத்து. படித்துக் கண் கலங்கினேன்’ என்று எழுதியிருந்தீர்கள்.

உங்களுக்கு வெட்கமாக இல்லையா? தனேஸ்வரன் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். நம் கவிஞர் வட்டத்துக்குத் தலைவராக இருந்துகொண்டு, வாட்சப்பில் யார் எதைப் போட்டாலும் அரை நிமிடத்தில் ‘அருமை, அருமை’ என்று தட்டிவிடுவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு இலக்கியப் பணி கிடையாது. கம்பார் ஊர்க் கவிஞர் இராமசாமியின் மரண அறிவிப்புக்கும் ‘அருமை’ போட்டவர். அன்றைக்கு நீங்கள் எனக்குப் போன் செய்து, ‘செத்தவரு படிச்சிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு லா’ என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தீர்கள். இப்போது நீங்களும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள்.

அந்தக் கவிதையின் நான்காவது வரி உங்களுக்கு நினைவிருக்கிறதா? ‘உச்சி வெயிலில் மரம் சீவி, அந்தி சாய்ந்ததும் பால் எடுத்தாள்.’ எந்த ரப்பர்த் தோட்டத்தில் அண்ணே உச்சி வெயிலில் மரம் சீவினார்கள்? விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவும் வெட்டுக்காட்டுக்குப் போனவர் உங்கள் அம்மா நல்லம்மாள். வெயில் ஏறினால் பால் ஓடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். அந்த நல்லம்மாள் பெற்ற பிள்ளை இதை ‘முத்து’ என்கிறது. அந்த வரியை நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். உங்களைச் சோதிக்க எழுதினேன். கேவலமாகத் தோற்றுவிட்டீர்கள்.

சந்தேகம் தைப்பூசத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதற்கு முன் அனுப்பிய இரண்டு கவிதைகளிலும் உங்கள் பேனா நோயாளியைத் தொடுவதுபோல் தொட்டிருந்தது. நேற்று மகள் கௌசிகாவைப் பிடித்துக் கேட்டேன். ‘அங்கிள்கிட்ட சொன்னேன்மா, ஆப்பரேஷன் முடியிற வரைக்கும் கொஞ்சம் என்கரேஜ் பண்ணுங்கன்னு’ என்று ஒப்புக்கொண்டாள். அவள் சின்னப் பெண், பயந்துவிட்டாள். அவள் சொன்னதும் நீங்கள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டீர்களே, உங்களுக்கு என்ன பயம்?

சரி, தெரிந்தது முழுதாகவே தெரியட்டும். தலையில் இடப்பக்கம் கட்டி. சொற்கள் இருக்கும் இடத்தை ஒட்டினாற்போல் இருக்கிறதாம். பதினேழாம் தேதி அறுக்கிறார்கள். விழித்த பிறகு சில நாளோ சில மாதமோ பேச்சும் எழுத்தும் தடுமாறலாம், பிறகு திரும்பிவிடும் என்றார் டாக்டர். எல்லாம் திரும்பிவிடுமா என்று கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தனேஸ்வரன் வட்டத்தில் சேரத் தகுந்தவர்தான்.

போன வாரம் சமையலறையில் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடி நின்றேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. புதிய தொகுப்புக்காக எடுத்து வைத்த நாற்பத்தொரு கவிதைகளைப் புரட்டினால், எந்த வரியை நான் எழுதினேன், எந்த வரியை அந்தக் கட்டி எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. நல்லதும் கெட்டதும் ஒன்றுபோல் தெரிகின்றன. இந்த நேரம் பார்த்து நீங்கள் என்னைத் தட்டிக்கொடுக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

கோப்பெங் கூட்டத்தை மறந்துவிட்டீர்கள்போல. முதல் முறை நான் கவிதை வாசித்துவிட்டு உட்கார்ந்தபோது, முன்பின் தெரியாத நீங்கள் எழுந்து, ‘டீச்சர், உங்க கவிதையில வர்ற தோட்டத்துல ஒரு கொசுகூட இல்லியே லா’ என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டீர்கள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் வாயை அடைப்பதற்காகவே தெலுக் இந்தானில் உங்கள் விலாசத்துக்கு அடுத்த கவிதையை அனுப்பினேன். பதினான்கு வரி அடிபட்டு வந்தது. ஓரத்தில், ‘இந்தக் கவிதை தோட்டத்து ஆபீஸ் வராந்தாவுல நின்னு பாக்குது. கொஞ்சம் எறங்கி வாங்க’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வராந்தாவில் நின்று காலைப் பெரட்டில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட தோட்டத்துக் கணக்கர், கிராணி விஸ்வலிங்கம், என் தாத்தா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காகிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். பிறகு இறங்கிப் போய் எழுதினேன். இன்றுவரை நான் கூசாமல் வாசிக்கக்கூடிய கவிதை அது ஒன்றுதான். நீங்கள் அன்றைக்கு ‘அருமை’ என்று சொல்லியிருந்தால் நான் இந்நேரம் வட்டத்தின் துணைத்தலைவியாகி, பொன்னாடைகளை மடித்து வைக்க அலமாரி தேடிக்கொண்டிருப்பேன்.

நானும் உங்களுக்குக் குறை வைக்கவில்லை. உங்கள் முதல் தொகுப்பில் பத்தொன்பது இடத்தில் ‘கண்ணீர்’ இருந்தது. எண்ணி வட்டம் போட்டு அனுப்பினேன். நீங்கள் இப்போது அனுப்பியிருக்கும் ஆற்றுக் கவிதைக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஏழாவது வரியில் உங்கள் அம்மா படகுத்துறையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். கவிதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குமேல் பதினைந்து வரி எதற்கு? வாழ்க்கை ஓர் ஆறு என்று சொல்லவா? அதைச் சொல்லத் தனேஸ்வரன் இருக்கிறார். எல்லாவற்றையும் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் செருப்பை மட்டும் நான் எழுதியிருக்கக்கூடாதா என்று பொறாமையாக இருக்கிறது.

நாற்பத்தொன்றும் இத்துடன் இருக்கின்றன. பதினைந்தாம் தேதிக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். நேரில் வராதீர்கள். வந்தால் ஆரஞ்சுப் பழப் பையோடு வருவீர்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவீர்கள், அதை என்னால் பார்க்க முடியாது. பேனாவை எடுங்கள். பொய்யான வரியை அடியுங்கள். நாற்பத்தொன்றும் போனாலும் போகட்டும், புத்தகமே வேண்டாம் என்று கௌசிகாவிடம் சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கண் விழித்ததும் என் கையில் கொடுக்க வேண்டியது நீங்கள் திருப்பி அனுப்பும் அந்தக் கவிதைக் கட்டைத்தான். அன்றைக்கு எனக்கு ஓர் எழுத்துகூடப் படிக்க வராமல் இருக்கலாம். பக்கம் சிவப்பாக இருந்தால் போதும் அண்ணே, அனுப்பியது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கண் பார்வையும் கெட்ட வாயும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சந்திரமதி