அத்தை கொடுத்த கை

அன்பு மகள் லூசெயானேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நான், தம்பி, நம் நான்கு பன்றிகள் எல்லோரும் சுகம். நான்கா என்று கேட்பாய். ஐந்தாவது போன மாதம் வாஹாமோட்டு பிரபுவின் வீட்டுக்குப் போய்விட்டது. தம்பி சமிசோனிக்கு எட்டு ஏக்கர் கிழங்குத் தோட்டம் ஒதுக்கித் தரக் கேட்டு மூன்று வருடமாக நடந்தோம். தீவில் பாதி அவர் நிலம், அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு முழம்கூட நமக்கு வராது. ஒவ்வொரு முறையும் பன்றி உள்ளே போகும், காகிதம் போனபடியே வெளியே வரும். அவருக்காக ஊரிடம் பேசும் பேச்சுக்காரர் ஃபிலிமோனேவைக் கேட்டால், "எஜமான் யோசனையில எழுந்தருளியிருக்கார், தொந்தரவு பண்ணக் கூடாது" என்பார். நாம் தூங்கினால் தூக்கம், பிரபு தூங்கினால் அதற்குத் தனி வார்த்தை. உனக்குத் தெரியாததா.

நீ தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கேட்டாயே, கோயில் கூடத் திறப்பு விழாவில் என்னதான் நடந்தது என்று. முழுதாகச் சொல்கிறேன், வேறு யாருக்கும் வாசித்துக் காட்டாதே. பக்கத்துத் தீவுப் பிரபுவின் நாற்காலி நம் பிரபுவுடையதைவிட ஒரு சாண் உயரம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். உடனே தச்சரைக் கூப்பிட்டு நாற்காலிக் கால்களில் ஒட்டு வைத்து உயர்த்தினார்கள். மேடையில் அவர், கீழே பெஞ்சில் பாதிரியாரும் ஆசிரியர்களும், அதற்கும் கீழே பாயில் நாங்கள். காவா வேர்ப் பானம் கலக்கி முதல் கிண்ணம் அவர் கைக்குப் போனது. அவர் சாய்ந்தார், ஒட்டு விட்டது. நாற்காலியோடு மேடையின் பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் விழுந்தார். ஃபிலிமோனே எழுந்து வாயைத் திறந்தார், பிரபு விழுவதற்கு மரியாதையான வார்த்தை எதுவும் நம் பாஷையில் இல்லை. பாவம், "எஜமான் பள்ளத்தில் எழுந்தருளிவிட்டார்" என்று அறிவித்தார்.

அதன்பிறகுதான் வேடிக்கை. பிரபுவின் தலைக்கு மேல் நம் தலை இருக்கக்கூடாதே! அவர் பள்ளத்தில் கிடந்தால் நாங்கள் எங்கே போவது? பாயில் இருந்தவர்கள் குப்புறப் படுத்தோம். பெஞ்சுக்காரர்கள் பாய்க்கு வந்து படுத்தார்கள். கடவுளுக்கு மட்டுமே மண்டியிடுவேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிற பாதிரியார் என் பக்கத்தில்தான் மூக்கைப் பாயில் அழுத்திக்கொண்டு கிடந்தார். பிரபுவின் உடம்பைத் தொட யாருக்கும் தகுதியில்லை. நல்ல கனத்த உடம்பு, கால் வேறு மடிந்துகொண்டது, தானாக எழ முடியவில்லை. இருநூறு பேர் சுற்றிப் படுத்திருக்க, "யாராவது தூக்குங்கய்யா" என்று அவர் கத்துகிறார். ஃபிலிமோனே படுத்தபடியே, "உத்தரவு எஜமான், ஆனா தொட உத்தரவில்லையே" என்கிறார்.

அப்போது சந்தையிலிருந்து காலோலைனே வேர்க்கடலைக் கூடையோடு வந்தாள். பிரபுவின் அப்பாவுக்கு உடன்பிறந்தவள், படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அந்த வீட்டில் இருபது வருடமாக யாரும் அவளோடு பேசுவதில்லை. ஆனாலும் அத்தை அத்தைதானே. நம் வழக்கத்தில் பிரபுவே ஆனாலும் அத்தைக்குக் கீழேதான். அவள் நேரே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்.

"அத்தே, கையைக் குடு" என்றார் பிரபு.

"இப்பத்தான் அத்தை கண்ணுக்குத் தெரியறேனா? இரு" என்றவள் திரும்பி, "யாருக்காவது இவன்கிட்ட வேலை ஆகவேண்டியிருக்கா? இப்பவே சொல்லுங்க" என்று கேட்டாள்.

நம் சமிசோனி இடுப்பில் சுற்றிக் கட்டும் பாய்க்குள் எப்போதும் அந்தக் காகிதத்தை வைத்திருப்பானே, வயிற்றால் ஊர்ந்தே போய் நீட்டினான். இந்த வருடமும் நிலம் கிடைக்காவிட்டால் உன்னைப்போல அவனும் கப்பலேறிவிடுவான், நான் தனியாகிவிடுவேன் என்று காலோலைனேவுக்கும் தெரியும். பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதெல்லாம் முறைப்படி வரணும் அத்தே" என்றார்.

"முறைப்படி நீ மேலே இருக்கணும். கையெழுத்தைப் போடு, கையைக் குடுக்கறேன்."

அவள் கடலைக் கூடையைக் கவிழ்த்து நீட்ட, பிரபு அதன்மேல் காகிதத்தை வைத்துப் போட்டார். சேறு படிந்த கையெழுத்து, ஆனால் செல்லும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் ஒரே இழுப்பில் தூக்கிவிட்டாள், மீன்வலை இழுத்த கை. பிறகு கொட்டிய கடலையைப் பொறுக்கிக்கொண்டு போனாள். விழா விருந்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை மகளே. நானும் கூப்பிடவில்லை. அது மனதை அறுக்கிறது. நேற்றுத்தான் மரியாதைக்கு ஒரு பாயோடு போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். "இவ்வளவு நாள் ஆச்சா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தம்பியைப் பற்றி ஒரு வருத்தம். நிலம் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. பக்கத்துக் கொட்டகை மோசே, கூரைக்கு நாலு தென்னோலை வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டு வந்தான். நம் பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேன், நாளைக்கு வா" என்கிறான்! மறுநாள் மோசே ஒரு கோழியோடு வந்து நின்றான். அந்தக் கோழியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யார் அதட்டினாலும் தலையை மட்டும் குனி, முதுகைக் குனியாதே. தம்பிக்கு ஒரு வார்த்தை எழுது, அக்கா சொன்னால் கேட்பான். கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அனாசெய்னி