பண்ணையாருக்கு முன்னால் அம்மா

1946, மாசி, வெள்ளிக்கிழமை.

ஊர்க்காட்டைச் சுற்றி எல்லைக்கல் எங்கெங்கே கிடக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். விறகு பொறுக்கிய கால்கள். அந்தக் காட்டில் பாதி தன்னுடையது என்கிறார் பண்ணையார். அளக்க வந்த சர்வேயர் இன்று அம்மாவை முன்னால் நடக்கச் சொன்னார். தெருவில் எங்களை ஒதுங்கச் சொல்கிற பண்ணையார், காடு முழுக்க மூச்சு வாங்க அவள் பின்னால் வந்தார்.

ஒரு கல் அவர் கடலைக்கொல்லைக்குள் கிடந்தது.

"கல்லுக்குக் காலு மொளைச்சிருச்சாடி?" என்றார்.

"கல்லு நடக்கல ஆண்டே. உங்க வேலிதான் நடந்திருக்குது."

சர்வேயர் அப்படியே எழுதிக்கொண்டார். காடு ஊருக்கே நிற்கும் என்றார்.

சுற்றி முடித்து, புறப்பட்ட புளியமரத்துக்கே வந்தோம். பழக்கத்தில் அம்மா பண்ணையாருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடம்மா. அவரு பின்னால வரட்டும்" என்றேன்.

நடந்தாள்.