வாப்பா தன் வாயாலேயே சொன்னார்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் றிஸ்கானுக்கு உம்மாவின் ஸலாம். டோஹா வெயிலில் வேலை செய்கிற உன் உடம்பை அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே வாப்பா, நான், தங்கச்சி ஸம்றா, புதுமாப்பிள்ளை பஹ்மி எல்லோரும் சுகம்.

தங்கச்சியின் நிகாஹ் வீடியோவைப் பார்த்துவிட்டு நீ போன் எடுத்தாய். "உம்மா, அது வாப்பாட குரல்தானா? ஆரும் பின்னால நிண்டு சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லத் தொடங்கினால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். லீவில் வந்த ஸைனுலாப்தீன் நாளைக்கு டோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நீ போன பிறகு வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததும் வலது பக்கம் வழங்காமல் போனதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை நான் முழுதாக உனக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளை, என்னத்தைச் சொல்ல? கடற்கரையில் மீன் ஏலம் விட்ட மனிதன். உன் வாப்பா கச்சிமுகம்மது பாரை மீன் கூறுக்கு விலை கூவினால் மெயின் ரோட்டில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். அந்த வாயில் ஒரு சொல்லும் சரியாக வரவில்லை. தண்ணீர் கேட்க நினைப்பார், 'கதவு' என்று வரும். நான் போய்க் கதவைத் திறப்பேன். அவர் இடது கையால் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு பிறகு வாயே திறக்காமல் விட்டார். பார்க்க வந்த ஆட்கள் அவர் காதும் கேட்காதவர் என்பதுபோல என்னிடமே எல்லாம் கதைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் அவரை மிகவும் வதைத்தது.

நபி பிறந்த மௌலூது மாதத்தில் நம் வீட்டில் மௌலூது ஓதினோம். எல்லோரும் சேர்ந்து ராகமாக நபி மேல் ஸலவாத்துச் சொல்லும்போது, கதிரையில் சாய்ந்திருந்த வாப்பாவின் வாயும் சேர்ந்து ஓதியது. ஒரு சொல் பிசகவில்லை, மகன்! ஓதி முடிந்ததும் நான் ஓடிப்போய், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். சும்மா சொல்ல வரவில்லை. ராகத்தோடு தொடங்கிக் கொடுத்தால் வந்தது.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். மூளையில் கதைக்கிற பக்கம்தான் அடிபட்டிருக்கிறதாம், பாடுகிற பக்கம் நன்றாக இருக்கிறதாம். "பாட்டு வழியாகச் சொல்லைக் கொண்டுவரலாம் அன்ரி. ஆனா ஒவ்வொரு நாளும் ஆள் வேணும். நான் சொல்லித்தாறன், பாட்டுத் தெரிஞ்ச ஒராளப் பிடிங்க" என்றா. விசாரித்ததில் காரைதீவில் சுலக்சனா என்கிற பிள்ளையைக் காட்டினார்கள். மட்டக்களப்பில் சங்கீதம் படித்துவிட்டு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவ. உன்னைவிட இளையவ.

ஸலாஹுதீன் சாச்சாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாட்டு வகுப்புக்கா? ஊருல என்ன கதைப்பாங்க மதினி?" என்று கேட்டார். அண்ணனைப் பற்றி ஊர் கதைக்கும் என்ற பயம் அவருக்கு; குறையாக எடுக்காதே. நான் மௌலவியிடமே ஆள் விட்டுக் கேட்டேன். "வாய் கட்டின மனுசனுக்கு வாய் திறக்க மருந்து தேடுறாங்க. போகச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் சரிவரவில்லை. சுலக்சனா சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்குவதுபோல ச-ரி-க-ம என்று தொடங்கினா. முற்றத்தில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வாப்பா பொல்லை ஊன்றி எழும்பி, நேரே போய் ஆட்டோவில் ஏறிவிட்டார். அந்தப் பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தா. "நான் பிழையான இடத்துல துவங்கிட்டன் அங்கிள். மன்னிச்சுக்கங்க" என்றா. பிறகு என்னிடம், அங்கிள் சுகமாக இருந்தபோது என்ன வேலை செய்தவர் என்று கேட்டா. நான் சொன்னேன்.

அந்தக் கிழமையே ஒரு விடியற்காலையில் அந்தப் பிள்ளை தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு நம் கடற்கரைக்கு வந்திருக்கிறா. தோணிகள் வந்து சேர்ந்து ஏலம் நடக்கிற நேரம் முழுவதும் நின்று கேட்டு, போனில் பதிந்துகொண்டு போயிருக்கிறா. அடுத்த வகுப்புக்கு மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக வரச் சொன்னா. வாப்பா வரமாட்டேன் என்று தலையாட்டினார். இழுக்காத குறையாகத்தான் கூட்டிப்போனேன். அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்டிக்கொண்டு, ஏலம் கூறுகிற அதே இழுவையில், "தண்-ணி... தா!" என்று அந்தப் பிள்ளை கூவினா.

வாப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். சிரித்துவிட்டார், மகன். பாரிசவாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. ஒரு பொம்பிளைப் பிள்ளை ஏலம் கூறியதைக் கேட்டு அவருக்குப் பொறுக்கவில்லைப்போல. அப்படியில்லை, இப்படி என்று காட்டுகிற மாதிரி அவரே கூவினார். "தண்-ணி... தா!" நான் அங்கேயே இருந்து அழுதேன். அந்தப் பிள்ளை தண்ணீர் எடுத்துவர ஓடினா.

அதற்குப் பிறகு அவருக்கென்றே பாடம். "மற்றப் பிள்ளையளுக்குப் புத்தகம் இருக்கு அன்ரி. அங்கிளுக்கு அங்கிள்தான் புத்தகம்" என்பா. அவர் விரும்பிக் கேட்கிற சொற்களைத்தான் எடுப்பா, களைத்துப்போனால் நிறுத்திவிடுவா. வீட்டில் நான் அதையே திரும்பத் திரும்பச் செய்விப்பேன். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு இருந்தவர், "கறிக்கி... உப்பில்லே!" என்று ஏல ராகத்தில் கூவினார். பக்கத்து வீட்டு சுல்பிகா வேலியடியில் வந்து, "அல்ஹம்துலில்லாஹ்! நான் உப்புத் தரட்டா?" என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஸம்றாவின் நிகாஹுக்கு நாள் குறித்தார்கள். பெண்ணின் வாப்பா சபையில் சொல்ல வேண்டிய வசனத்தை, அவருக்குப் பதிலாள் வக்கீலாக நின்று தானே சொல்வதாக ஸலாஹுதீன் சாச்சா முன்வந்தார். மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது, மௌலவியும் அதில் பிழையில்லை என்றார். வாப்பா ஒரேயடியாகக் கையால் நெஞ்சில் குத்திக்கொண்டார். சொல் வரவில்லை. மேசையில் தட்டினார், மூச்சை இழுத்தார், ராகத்தைப் பிடித்தார். "நான்... சொல்லுவன்!"

சுலக்சனா அந்த வசனத்தை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய், துண்டு துண்டாகப் பிரித்து ஏல ராகத்தில் போட்டுக்கொண்டு வந்தா. முதலில் கேட்ட ஸம்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உம்மா, வாப்பா என்ன ஏலத்துல விக்கப்போறாரா?" வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்தப் பிள்ளை கிழமைக்குக் கிழமை ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தா. இழுவை குறைந்தது. கூவல் பேச்சாக மாறியது. கடைசியில் இடது கைத் தட்டு மட்டும் மிச்சம்.

நிகாஹ் அன்று நடந்ததை நீ வீடியோவில் பார்த்தாய், ஆனால் உள்ளறையில் நடந்தது உனக்குத் தெரியாது. பெண்கள் எல்லோரும் கதவடியில். ஸம்றா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். சுலக்சனா எங்களுக்கு நடுவே. பஹ்மி வாப்பாவின் வழங்காத வலது கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார், நல்ல பிள்ளை. வாப்பா முழங்காலில் தட்டிக்கொண்டு தொடங்கினார். "என்ட மகள்..." அதோடு நின்றுவிட்டது. பெயர் வரவில்லை. சாச்சா குனிந்து எடுத்துக்கொடுக்கப் போனார், மௌலவி கையால் தடுத்து, "பொறுங்க, அவருக்கு நேரம் குடுங்க" என்றார். நான் சுலக்சனாவிடம், ராகத்தைக் கொஞ்சம் முனகிக் காட்டுங்க புள்ள என்று கெஞ்சினேன். கண் நிறைய நீரோடு அவ தலையாட்டினா. "வேணாம் அன்ரி. அவருக்கே வரும்."

வந்தது. "ஸம்றாவ..." என்றார். பிறகு மாப்பிள்ளை கொடுக்கிற மஹரையும் சொல்லி, "உங்களுக்கு... நிகாஹ் செஞ்சி... தந்தன்!" கடைசிச் சொல்லை அவர் சும்மா சொன்னாரா? கடற்கரையில் ஏலத்தை முடிக்கும்போது விழுகிற அதே குரல், தெரு வரைக்கும் போனது. திடுக்கிட்ட பஹ்மியும் அதே சத்தத்தில் "ஏற்றுக்கொண்டேன்!" என்று கத்தினார். சபை சிரித்தது, அழுதது. சாச்சாதான் முதலில் எழும்பிப் போய் வாப்பாவைக் கட்டிப்பிடித்தார். பிறகு உள்ளே வந்து, சுலக்சனாவுக்கு விருந்தின் முதல் சஹன் தட்டில் சாப்பாடு வைக்கச் சொல்லி நின்று பார்த்தார்.

இப்போதும் வகுப்பு நடக்கிறது. இனி என்ன வசனம் படிக்கலாம் அங்கிள் என்று சுலக்சனா கேட்டிருக்கிறா. வாப்பா யோசித்துவிட்டு, "மகனுக்கு ஏசணும்" என்றாராம். எதற்கு ஏச என்று நான் கேட்டேன். சொல்லமாட்டார். போனைப் போட்டுத் தரட்டுமா என்றேன். "போன்ல இல்ல. முன்னால நிக்கணும்" என்றார், ராகமே இல்லாமல், தெளிவாக.

லீவு கிடைப்பது லேசில்லை என்று எனக்குத் தெரியும், மகன். நான் வற்புறுத்தவில்லை. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன்னை முன்னால் நிறுத்தி வாய் நிறைய ஏசுவதற்கு அல்லாஹ் உன் வாப்பாவைத் திருப்பித் தந்திருக்கிறான். அந்த ஏச்சைக் கேட்கும் பாக்கியத்தை உனக்குக் கெதியாகத் தரும்படி தொழுகையில் தலை வைக்கிற ஒவ்வொரு ஸுஜூதிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

துஆவுடன்,
உன் உம்மா ஸுஹைறா.