கயிற்றின் ஓரத்தில் ஒரு கை

அன்புள்ள அம்மா,

குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் பெயரைத் திருடித்தான் இந்தக் குதிரைப் பந்தய ஊர் பெரிய ஊராகியிருக்கிறது. உன் இருமல் நின்றதா? அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது?

நான் பார்த்துக்கொள்ளும் குதிரை செரிசெட், 'தியான்' பந்தயத்தில் ஜெயித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். வெற்றிப் படம் எடுக்கும்போது, "பொண்ணே, கயித்த நீளமா விட்டுத் தள்ளி நில்லு, படத்துல உன் தலை விழுது" என்றார் படக்காரர். தள்ளி நின்றேன். பந்தயம் பார்க்க வந்த பெண்களின் பெரிய தொப்பிகளைக் கண்டு மிரண்ட செரிசெட் என் இடது பாதத்தை மிதித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

அந்தப் படத்தை எங்கள் பயிற்சியாளர் மைதானத்துக்கு எதிரே உள்ள மதுக்கடையில் மாட்டியிருக்கிறார். பந்தயத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கடைச் சுவரில்தான் படங்களாக இருக்கிறது. படத்தின் கீழே குதிரை, முதலாளி, பயிற்சியாளர், ஜாக்கி ஆகியோரின் பெயர்கள். ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி என் கை மட்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் யாருடையதோ ஒரு கை.

"நம்ம கைங்கதான்டி ஃபேமஸ்" என்று சிரித்தாள், கூட வேலை செய்யும் சோலென். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அப்பாவின் பழைய ரப்பர் பூட்ஸை அனுப்பு. என்னுடையதில் இடது கால் நுழையவில்லை. உப்பு வெண்ணெய் பிஸ்கட்டும் வை. நாய் என்ன செய்கிறது என்று எழுது. தீனி வைக்கும் நேரம், ஓடவேண்டும்.

இன்று காலை பயிற்சியாளரிடம், "படத்துக்குக் கீழ என் பேரையும் எழுதுங்க சார்" என்றேன். அவர் குனிந்து, செரிசெட்டின் முன்னங்காலில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயெல்